ஒன்டாரியோவில் புல்தரைக்கு ஆவணியே பட்டம்

பிராம்ப்டனில் புதிய குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், ஒவ்வொரு மே மாதமும் விதை தூவி, உரம் போட்டு, நாள்தோறும் மாலையில் தண்ணீர் விட்டும் ஜூலை பிறந்ததும் புல் பழுத்துப்போய்த் திட்டுத் திட்டாக மண் தெரிகிறது என்றும், அந்த இடங்களில் களை ஏறிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் புல்பாய் வாங்கி விரிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. விரிக்க வேண்டாம் என்பதே என் பதில். புதிய பாயும் அதே மண்ணின்மேல்தான் கிடக்கப் போகிறது. அதே வேலைகளை அதே மாதங்களில் செய்தால் இரண்டொரு கோடையில் அதுவும் இந்த நிலைக்கே வந்து சேரும். நீங்கள் செய்துவரும் வேலைகளில் பெரும்பாலானவை தேவையானவைதாம். அவற்றைச் செய்யும் காலந்தான் பொருந்தவில்லை.

திருச்சியிலிருந்து வந்தவர் என்று குறிப்பிட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நம்மூர்ப் பூங்காக்களில் தரையோடு படர்ந்திருக்கும் அருகம்புல் வெயிலை உண்டு வாழும் இனம். முப்பத்தைந்து பாகை வெப்பத்திலும் அது தழைக்கும். குளிர் வந்தால் வெளிறி முடங்கும். இங்கே உங்கள் வீட்டு முன் இருப்பவை கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகிய குளிர்பருவப் புற்கள். இவற்றின் இலை 15 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வளரும். வேருக்கு அதைவிடக் குளிர்ச்சி வேண்டும். மண் 10 முதல் 18 பாகைக்குள் இருக்கும்போதுதான் அது ஆழமாக இறங்கும். டொராண்டோ வட்டாரத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் முப்பதைத் தாண்டும் நாள்கள் பல உண்டு. ஆகவே நாம் கோடை என்று மகிழும் காலம் இந்தப் புல்லுக்குத் துன்பக்காலம். அதற்கு ஆண்டில் இரண்டு வளர்பருவங்கள் உள்ளன: ஒன்று மே, ஜூன், மற்றொன்று செப்டம்பர், அக்டோபர். முதற்பருவத்தில் இலையும் பூந்தண்டும் விரைந்து எழுகின்றன. இரண்டாம் பருவத்தில் செடி தூர் கட்டுகிறது, வேர் விடுகிறது, உணவுச்சத்தைத் தூரில் சேமித்துக்கொள்கிறது. அடுத்த கோடையைத் தாங்கும் வலு இந்த இரண்டாம் பருவத்தில்தான் சேருகிறது.

நம்மூரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தெற்கு ஒன்டாரியோவில் புல்லுக்கு உரிய பட்டம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. நாள்காட்டியைப் பார்த்தால் அது ஏறக்குறைய ஆவணி மாதமாகவே அமைகிறது. கோடை முழுதும் காய்ந்த மண்ணில் அப்போது இன்னும் சூடு இருப்பதால் விதை விரைவில் முளைக்கிறது. இரவுகள் குளிரத் தொடங்குவதால் முளைத்த நாற்று வாடுவதில்லை. பனித்துளி ஈரம் காக்கிறது. ஓராண்டுக் களைகள் தம் வாழ்வை முடிக்கும் தறுவாயில் இருக்கின்றன. தரை உறைவதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. மே மாதத்தில் இதில் பெரும்பகுதி தலைகீழாக இருக்கும். மண் குளிர்ந்திருப்பதால் புளூகிராஸ் விதை முளைக்கவே மூன்று, நான்கு வாரம் ஆகும். அது இரண்டு மூன்று இலை விடுவதற்குள் ஜூன் பாதி கடந்துவிடும், வேர் இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும். இதைவிடக் கொடியது கிராப்கிராஸ் என்ற களை. மண்ணின் வெப்பம் 13 பாகையை ஒட்டிச் சில நாள்கள் நிலைத்தால், அதாவது மஞ்சள் பூக்கும் ஃபோர்சித்தியாச் செடிகள் பூ உதிர்க்கும் வேளையில், அது முளைக்கத் தொடங்கும். நீங்கள் கிளறி, உரமிட்டு, தண்ணீர் விட்டு வைத்த வெற்று மண்ணைப்போல் அதற்கு உகந்த பாத்தி வேறில்லை. ஸ்கார்பரோவில் எனக்கு வாய்த்த முதல் வீட்டில் நானும் இரண்டு வசந்தங்கள் இதையே செய்தேன். மூன்றாம் ஆண்டு விதையை ஆகஸ்ட் இறுதிக்குத் தள்ளிவைத்தபோதுதான் புல் நின்றது. அதற்குப் பிறகு நான் மே மாதத்தில் விதை வாங்கியதில்லை.

ஆவணி வரும் முன் மண்ணைப் பாருங்கள். புதிய குடியிருப்புகளில் வீடு கட்டத் தொடங்கும்போதே மேல்மண்ணை வழித்தெடுத்து ஓரமாகக் குவித்துவிடுகிறார்கள். கனரக வண்டிகள் ஓடி ஓடி அடியிலுள்ள களிமண் கல்லாக இறுகிவிடுகிறது. கடைசியில் அதன்மேல் சில அங்குல மண்ணைப் பரப்பிப் புல்பாயை விரித்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. நன்றாக வேர் பிடிக்கப் பதினைந்து சென்டிமீட்டர் மேல்மண்ணாவது வேண்டும். மழை பெய்த மறுநாள் ஒரு நீண்ட திருப்புளியை மண்ணில் அழுத்திப் பாருங்கள். கைப்பிடி வரை தடையின்றி இறங்கினால் நல்லது. இரண்டு அங்குலத்தில் முட்டி நின்றால் உங்கள் புல்லின் வேரும் அங்கேயேதான் நின்றிருக்கும். ஜூலையில் பழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே.

இறுகிய மண்ணைத் தளர்த்தப் புல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை. மண்ணைச் சிறு உருளைகளாகக் குடைந்து வெளியே எடுத்துப் போடும் காற்றுத்துளை இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆணிபோல் குத்தித் துளையிடும் காலணிகளையும் உருளைகளையும் வாங்காதீர்கள்; அவை துளையைச் சுற்றியுள்ள களிமண்ணை மேலும் நெருக்கவே செய்யும். ஆகஸ்ட் இறுதியில், மண் ஈரமாக இருக்கும் ஒரு நாளில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை இயந்திரத்தை ஓட்டுங்கள். வெளியே விழும் மண் உருளைகளை அள்ள வேண்டாம், சில மழைக்கு அவை தாமே கரையும். அதன்மேல் நன்றாக மக்கிய கம்போஸ்டை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மிகாமல் தூவி, துளைகளுக்குள் இறங்கும்படி வாரியால் இழுத்துவிடுங்கள். இதை மூன்று, நான்கு ஆண்டுகள் விடாமல் செய்தால் களிமண்ணின் தன்மையே மாறுவதைக் காணலாம். கம்போஸ்டில் உள்ள கரிமப் பொருளை மண்புழுக்கள் கீழே கொண்டுசெல்கின்றன. நாம் கடப்பாரையால் செய்ய முடியாத வேலையை அவை ஓசையின்றிச் செய்கின்றன.

ஒரு தவறான பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பாசி தெரிந்தாலோ புல் மஞ்சளித்தாலோ சுண்ணாம்பு தூவச் சொல்பவர்கள் உண்டு. தெற்கு ஒன்டாரியோவின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து உருவானது. அதில் காரத்தன்மை ஏற்கெனவே போதிய அளவு, சில இடங்களில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. மண்ணைச் சோதிக்காமல் சுண்ணாம்பு இட்டால் இரும்புச்சத்தைப் புல் எடுக்க முடியாமல் மேலும் மஞ்சளிக்கும். பாசி வருவதற்குப் பெரும்பாலும் நிழலும், தேங்கும் ஈரமும், இறுகிய மண்ணுமே காரணம்.

இனி விதை. கடையில் பையின் முகப்பில் உள்ள படத்தைப் பாராமல் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கலவை விகிதத்தைப் படியுங்கள். கென்டக்கி புளூகிராஸ் மண்ணுக்குள் கிடைமட்டமாகத் தண்டு ஓட்டிப் பரவுவதால் சிறு வழுக்கைகளைத் தானே மூடிவிடும். குளிரை நன்கு தாங்கும். ஆனால் முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். பெயரில் கென்டக்கி இருந்தாலும் அது ஐரோப்பா, ஆசியாவிலிருந்து வந்து அமெரிக்காவில் பரவிய புல். ரைகிராஸ் ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துத் தரையைப் பிடித்துக்கொள்ளும், பரவாது, கடுங்குளிரில் சற்று நலிவடையும். மெல்லிலை ஃபெஸ்க்யூ வகைகள் நிழலையும் வறட்சியையும் சத்துக்குறைந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும்; குழந்தைகள் ஓடி விளையாடும் மிதிபாட்டை அவ்வளவாகப் பொறுக்கா. அகல இலை கொண்ட உயர ஃபெஸ்க்யூ ஆழ வேர்விடுவதால், வெயில் அடிக்கும் தெற்குப் பக்கத்துக்கு ஏற்றது.

விகிதம் எடையால் அச்சிடப்படுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு கிலோ ரைகிராஸில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் விதைகள் இருக்கும். ஒரு கிலோ புளூகிராஸிலோ இருபது இலட்சத்துக்கும் மேல். அப்படியிருந்தும் கலவையில் ரைகிராஸ் கால் பங்கைத் தாண்டினால், அது முந்திக்கொண்டு எழுந்து, பின்னால் வரும் புளூகிராஸ் நாற்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிடும். மலிவான பைகளில் ரைகிராஸே பெரும்பங்காக இருப்பதால் ஒரே வாரத்தில் பச்சை தெரியும், அடுத்த ஆண்டு மெலியும். உங்கள் முற்றத்துக்குப் புளூகிராஸ் பாதிக்கு மேலும், மெல்லிலை ஃபெஸ்க்யூ முப்பது விழுக்காடும், எஞ்சியது ரைகிராஸுமாக உள்ள கலவையை நான் தேர்ந்தெடுப்பேன். நூறு சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ என்பது புதுத் தரைக்கான அளவு. இருக்கும் புல்லின் ஊடே தூவுவதற்கு அதில் பாதி போதும்.

தூவும் முன் புல்லை நான்கு, ஐந்து சென்டிமீட்டராகத் தாழ வெட்டி, வெட்டியதை அந்த ஒரு முறை மட்டும் வாரி அப்புறப்படுத்துங்கள். பாதி விதையை வடக்கு தெற்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் தூவி, மேலோட்டமாக வாரியால் கீறிவிட்டு, காலால் மிதித்தோ உருளையால் அழுத்தியோ மண்ணோடு ஒட்டச் செய்யுங்கள். மண்ணைத் தொடாத விதை காய்ந்துபோகும். முதல் மூன்று வாரம் மேற்பரப்பு உலராதபடி நாளுக்கு இரண்டு, மூன்று முறை மெல்லத் தெளிக்க வேண்டும். அன்றாடம் சிறிது சிறிதாகத் தண்ணீர் விடுவது சரியாக இருப்பது இந்த மூன்று வாரத்துக்கு மட்டுந்தான்.

வளர்ந்த புல்லுக்கு நாள்தோறும் மாலையில் நனைப்பது இரண்டு வகையில் கேடு செய்கிறது. மேல் அங்குலத்திலேயே ஈரம் கிடைப்பதால் வேர் கீழே போகக் காரணமில்லாமல் மேலேயே தங்கிவிடும். இரவு முழுவதும் இலை ஈரமாக இருப்பதால் பூஞ்சை நோய் பிடிக்கும். மழையையும் சேர்த்து வாரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் போதும். அதை விடியற்காலையில், ஒரே முறையிலோ இரண்டு முறையிலோ கொடுங்கள். களிமண் மெதுவாக உறிஞ்சுவதால் தண்ணீர் ஓடத் தொடங்கினால் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கழித்துத் தொடருங்கள். எவ்வளவு விழுகிறது என்பதை அறிய, காலியான மீன் டின்கள் நான்கைத் தரையில் ஆங்காங்கே வைத்துப் பார்ப்பதே எளிய வழி. நூறு சதுர மீட்டருக்கு இந்த அளவு 2,500 லிட்டர் ஆகிறது. இவ்வளவு குடிநீரைப் புல்லுக்குச் செலவழிக்க மனம் ஒப்பவில்லை என்றால், அதில் நியாயம் இருக்கிறது. மாற்று வழியும் இருக்கிறது. குளிர்பருவப் புல் வறட்சியில் பழுப்பது சாவு அல்ல, உறக்கம். இலை காய்ந்தாலும் தரைமட்டத்தில் உள்ள தூர் உயிரோடு இருக்கும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு சென்டிமீட்டர் அளவு தண்ணீர் கொடுத்தால் அந்த உயிர் காக்கப்படும், செப்டம்பர் மழையில் அது மீண்டும் துளிர்க்கும். ஒரு வாரம் நனைப்பதும் ஒரு வாரம் விடுவதுமாக அதை எழுப்பி எழுப்பித் தூங்கவைப்பது மட்டும் கூடாது; ஒவ்வொரு முறை துளிர்க்கும்போதும் தூரில் சேர்த்துவைத்த சத்து கரைகிறது. உறங்கும் புல்மேல் நடப்பதையும் உரமிடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

வெட்டும் உயரத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் செலவே இல்லாமல் பெரிய மாற்றத்தைத் தருவது அதுதான். கம்பளம்போல் ஒட்ட வெட்டினால் அழகு என்று எண்ணுவது இந்த நாட்டில் குழிப்பந்தாட்டத் திடலைப் பார்த்து வந்த ஆசை. அங்கே இருக்கும் புல் இனமும் வேறு, அதைப் பேணும் ஆள்பலமும் வேறு. வீட்டுப் புல்லை ஏழு, எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருங்கள். இலை எவ்வளவு உயரமோ அதற்கேற்ப வேர் ஆழமாகும். இலையின் நிழலில் மண் குளிர்ந்திருக்கும். வெளிச்சம் படாததால் கிராப்கிராஸ் விதை முளைப்பது குறையும். ஒரே தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மே மாதத்தில் இதற்காக ஐந்து நாளுக்கு ஒரு முறை வெட்ட நேரலாம். ஜூலையில் வெட்டாமலே வாரங்கள் கழியும். வெட்டுக்கத்தி மழுங்கினால் இலை நுனி கிழிந்து வெளுக்கும், ஆகவே பருவத்தில் இரண்டு முறையாவது தீட்டுங்கள். வெட்டிய துணுக்குகளைப் பையில் பிடித்துக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். அவை இரண்டொரு வாரத்தில் மக்கி, ஆண்டுக்குத் தேவைப்படும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) கால் பங்கு வரை மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன. தரைமேல் சருகுப்படலம் கட்டுவதற்குத் துணுக்குகள் காரணமல்ல; மிகை உரத்தால் பெருகும் தண்டும் வேரும் மக்காமல் சேர்வதே காரணம்.

உரத்தைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் இடமுடியும் என்றால் அதைச் செப்டம்பரில் இடுங்கள். நூறு சதுர மீட்டருக்கு அரைக் கிலோ தழைச்சத்து என்பது ஒரு தடவைக்கான அளவு. பையில் முதலில் வரும் எண் 24 என்றிருந்தால் அதில் 24 விழுக்காடு தழைச்சத்து என்று பொருள், ஆக இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் போதும். இன்னொரு முறை இடுவதானால் மே இறுதிவரை பொறுங்கள். ஏப்ரலில் பனி உருகியதும் உரம் போட்டால் வேரில் போகவேண்டிய வலுவெல்லாம் இலையில் போய், கோடைக்குள் நுழையும்போது புல் பெருத்த உடலும் சிறுத்த காலுமாக நிற்கும். இப்போது நீங்கள் காண்பது ஏறத்தாழ அதையே.

களைக்கு மருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒன்டாரியோவில் அழகுக்காகப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தெளிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. இதற்கு முன்னோடி கியூபெக்கின் ஹட்சன் என்ற சிற்றூர். 1991இல் அது இயற்றிய தடை விதியை எதிர்த்துத் தொழில் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2001இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே நின்றது. குழந்தைகள் உருண்டு விளையாடும் தரை என்ற முறையில் இந்தச் சட்டத்தை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். இரும்புச் சேர்மம் கொண்ட தெளிப்பு மருந்துகளுக்கு அனுமதி உண்டு. டான்டிலயன் போன்ற அகன்ற இலைக் களைகள் அதில் கருகும், புல் தாங்கிக்கொள்ளும், ஆனால் வேரிலிருந்து மீண்டும் தழைப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தெளிக்க நேரும். சிமென்ட் நடைபாதையில் பட்டால் துருக்கறை படியும் என்பதையும் நினைவில் வையுங்கள். டான்டிலயனை மழைக்கு மறுநாள் நீண்ட களைக்கருவியால் ஆணிவேரோடு பிடுங்குவது இன்னும் நல்லது. வெண்குளோவரை நான் களையாகவே எண்ணுவதில்லை. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் அந்தச் செடி, அகன்ற இலைக் கொல்லிகள் 1940களில் வரும் முன் விதைக் கலவைகளிலேயே இடம்பெற்றிருந்தது.

நீங்கள் குறிப்பிட்ட திட்டுகளில் சில பூச்சியாலும் வந்திருக்கலாம். பழுத்த திட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள். பாய்போல் சுருண்டு வந்தால் வேரைப் புழு தின்றிருக்கிறது. அடியில் வளைந்த வெண்ணிற வேர்ப்புழுக்கள் கிடக்கும். ஐரோப்பியச் சேஃபர் வண்டு, ஜப்பானிய வண்டு ஆகியவற்றின் குஞ்சுகள் இவை. ஒரு சதுர அடியில் ஒன்றிரண்டு இருந்தால் வலுவான புல் பொறுத்துக்கொள்ளும். ஐந்து, பத்தைத் தாண்டினால்தான் நடவடிக்கை தேவை. புழுவைத் தேடி ஸ்கங்குகளும் ரக்கூன்களும் இரவில் தரையைப் புரட்டிப் போடுவதும் ஓர் அடையாளம். இதற்குக் கடைகளில் குளிர்பெட்டியில் விற்கும் நன்மை செய்யும் நூற்புழுக்களை ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் நடுவுக்குள், புழு சிறிதாக இருக்கும்போது, நன்றாக நனைத்த மண்ணில் அந்திப்பொழுதில் விட வேண்டும். வெயிலில் விட்டால் அவை இறந்துவிடும். இழுத்தால் வராமல் தூரோடு காய்ந்திருக்கும் திட்டு, வெயில் சுடும் நடைபாதை ஓரத்தில் தொடங்கியிருந்தால், சாறு உறிஞ்சும் சின்ச் பூச்சியாக இருக்கக்கூடும். இரு முனையும் திறந்த டின் ஒன்றைத் திட்டின் விளிம்பில் அழுத்தித் தண்ணீர் நிரப்பினால் சில நிமிடங்களில் அவை மேலே மிதந்து வரும். ரைகிராஸ், ஃபெஸ்க்யூ விதைகளில் சில வகைகளுக்குள் வாழும் ஒரு பூஞ்சை இந்தப் பூச்சிகளுக்கு ஒவ்வாது. அத்தகைய விதையை அந்த ஓரங்களில் தூவுவது நிலையான தீர்வு.

அக்டோபரில் மேப்பிள் இலை கொட்டும்போது அதைப் புல்வெட்டியாலேயே பொடியாக நறுக்கித் தரையில் விடலாம். புல் மறையும் அளவுக்குத் தடித்தால் மட்டும் வாரிவிடுங்கள். கடைசி வெட்டை ஆறு சென்டிமீட்டர் அளவில் முடியுங்கள். நீளமான புல்மேல் ஈர இலை படிந்து, அதன்மேல் பனியும் கிடந்தால், ஏப்ரலில் சாம்பல் நிறத்திலோ இளஞ்சிவப்பு நிறத்திலோ வட்டங்கள் தெரியும். அது பனிப்பூஞ்சை; பெரும்பாலும் இலையை மட்டுமே தாக்கும். மெல்ல வாரிக் காற்றுப் படவிட்டால் புல் தானே மீளும். சாலையோரப் பட்டை மட்டும் மீளாமல் நின்றால் அது குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பின் வேலை; மண் இளகியதும் அந்த இடத்தை இரண்டு, மூன்று முறை நீர் தேங்க விட்டு உப்பைக் கீழே இறக்கிவிட்டு, விதைக்க ஆவணி வரை காத்திருங்கள்.

பனி கரைந்த முதல் வாரத்தில் வாரியோடு வெளியே ஓடத் தோன்றும். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்திருந்தவர்களுக்கு அந்த ஆசை எவ்வளவு வலியது என்பதை நான் அறிவேன். ஆனால் நனைந்த களிமண்ணை அப்போது மிதித்தால், சென்ற ஆவணியில் துளையிட்டுத் தளர்த்தியதெல்லாம் மறுபடியும் இறுகும். தரையில் ஓர் அடி எடுத்து வைத்துத் திரும்பிப் பாருங்கள். காலடி பதிந்திருந்தால் வாரியை வைத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.